கடலை ஜாடிக்குள் கொண்டு வந்த குமாஸ்தா

மும்பைக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால், ஒரு காலத்தில் நம்மவர்கள் தவறாமல் அழைத்துச் சென்ற இடங்களில் ஒன்று, மெரின் டிரைவில் 1951ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன் காட்சிசாலை. அதற்கும் முன்பே, 1909இல், சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்ண வண்ண மீன்கள் நீந்துவதைக் கண்ட பிள்ளைகள் வீடு திரும்பியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நம் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைத்தால் என்ன?

நல்ல தண்ணீர் மீன் தொட்டி என்றால் பெரிய கஷ்டம் இல்லை. கடல் தண்ணீர்த் தொட்டி என்றால் அது வேறு விஷயம். யாரைக் கேட்டுத் தொடங்குவது? கடைக்காரர் ஒன்று சொல்வார். கல்லூரியில் படித்த நிபுணர் வேறொன்று சொல்வார். பத்து வருடமாக வீட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். தவறான ஆலோசனைக்குக் கொடுக்கும் விலையோ பணம் மட்டும் அல்ல. அத்தனை உயிர்களும் ஒரே இரவில் மடிந்துபோகும்.

இந்தக் கேள்வி 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதருக்கு எழுந்தது. அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். கணக்கு எழுதிப் பிழைத்த குமாஸ்தா. ஆனால் இன்று உலகம் முழுவதும் வழங்குகிற அக்வேரியம் என்ற பெயரை இந்தத் தொட்டிகளுக்கு நிலைக்கச் செய்தவர் அவர்தான். பிலிப் ஹென்றி காஸ் என்பது அவருடைய பெயர்.

அத்தை காட்டிய அதிசயம்

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி இங்கிலாந்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிறு சிறு உருவப் படங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியர். தாய், திருமணத்துக்கு முன் பெரிய வீட்டில் வேலை செய்த பெண். கையில் வரும் காசு வயிற்றுக்கே போதாத குடும்பம். பிள்ளை வளர்ந்தது தென்கரைத் துறைமுகமான பூல் என்ற ஊரில்.

அந்த ஊரில் அவருக்கு ஓர் அத்தை இருந்தார். பெயர் சூசன் பெல். அந்த அம்மையாருக்குப் பூச்சி, புழு, கடல் பிராணி எல்லாவற்றிலும் அலாதி ஆசை. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல் விரியும் கடல் சாமந்தியைப் பையனுக்குக் காட்டியவர் அவரே. பூவைப் போல் தோன்றினாலும் அது செடி அல்ல, இரை பிடித்துத் தின்னும் பிராணி. அதை ஒரு பாத்திரத்தில் கடல் தண்ணீர் விட்டு வைத்துப் பார் என்ற யோசனையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பட்டம் எதுவும் பெறாத, வெறும் ஆசையினால் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணியின் அந்தச் சொல்தான், பின்னால் விளைந்த எல்லாவற்றுக்கும் வித்து.

அதே அத்தையின் மகன் தாமஸ் பெல், லண்டனில் பல் வைத்தியராகத் தொழில் நடத்தி, விலங்கியல் பேராசிரியராகவும் உயர்ந்தவர். ஆக, ஒரே வீட்டில் பொழுதுபோக்குக்காரரும் இருந்தார், பேராசிரியரும் இருந்தார். காஸ் வாழ்நாள் முழுவதும் இந்த இரு தரப்புக்கும் நடுவிலேயே நின்றவர்.

பேரேடும் பூதக்கண்ணாடியும்

பதினைந்து வயதில் படிப்பு முடிந்தது. பூல் நகர வியாபாரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. 1827இல், பதினேழாம் வயதில், கப்பல் ஏறி அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூபவுண்டுலாந்துத் தீவில் கார்போனியர் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார். கடல் நாய் வேட்டையும் மீன் பிடிப்பும் நடக்கும் குளிர் பிரதேசம். அங்கே எட்டு ஆண்டுகள் பேரேடு எழுதினார்.

1832இல் நுண்நோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்கு வந்தது. அன்று முதல், ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பூச்சிகளோடுதான் வாழ்க்கை. பிடிப்பார், பார்ப்பார், வரைவார், தேதி போட்டு எழுதி வைப்பார். வரவு செலவுக் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் எழுதிப் பழகிய கை, பூச்சிக் கணக்கையும் அதே ஒழுங்கோடு எழுதியது. அந்தத் தீவின் பூச்சிகளை இப்படி முறையாக ஆராய்ந்தவர் அவருக்கு முன் இல்லை.

1835இல் வேலையை விட்டு, கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார், கைகொடுக்கவில்லை. 1838இல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பள்ளி ஆசிரியரானார். அங்கே நடந்த அடிமை முறையைக் கண்டு மனம் கசந்து, மறு ஆண்டே இங்கிலாந்துக்குத் திரும்பினார். பையில் பணம் இல்லை. ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும் இருந்தது. அதைப் படித்துப் பார்த்துப் பதிப்பாளரிடம் பரிந்துரைத்தவர் பேராசிரியர் பெல். 1840இல் கனடா நாட்டு இயற்கை பற்றிய அந்த நூல் வெளிவந்தது.

பின்னர் 1844 முதல் 1846 வரை ஜமைக்கா தீவில் பறவைகளையும் மற்ற பிராணிகளையும் சேகரித்தார். அங்கே அவருக்குத் துணை நின்றவர் ரிச்சர்டு ஹில் என்ற மாஜிஸ்திரேட். பறவை ஆராய்ச்சி ஹில்லுக்குத் தொழில் அல்ல. ஆனால் அந்தத் தீவின் பறவைகளை அவர்போல் அறிந்தவர்கள் குறைவு. 1847இல் ஜமைக்காப் பறவைகள் பற்றி நூல் வந்தபோது, முகப்பிலேயே ஹில்லின் பெயரையும் அச்சிடச் செய்தார் காஸ். யாரிடம் கற்றாரோ அவருக்குரிய மதிப்பைக் கொடுக்க அவர் தயங்கியதில்லை.

தண்ணீர் ஏன் நாறுகிறது?

இப்போது கடல் தொட்டியின் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் கடல் பிராணியை ஊருக்குள் கொண்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கி நாற்றம் எடுத்துவிடும். உள்ளே இருக்கும் பிராணி சாகும். இதற்கு வழி கண்டவர்கள் அப்போதே சிலர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்.

ஸ்காட்லாந்தில் சர் ஜான் டாலியல் என்பவர், சட்டம் படித்தவர், 1828இல் ஒரு கடல் சாமந்தியைப் பிடித்து வந்து ஜாடியில் வைத்தார். புதிய கடல் தண்ணீரை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகும் கை மாறிக் கை மாறி அது 1887 வரை வாழ்ந்தது. ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கல்லவா அந்த வழி உதவும்?

லண்டனில் ஆன் தைன் என்ற பாதிரியார் மனைவி, 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவளப் பிராணிகளைக் கொண்டு வந்தார். புதுத் தண்ணீர் கிடைக்காதபோது, வீட்டு வேலைக்காரப் பெண்ணை விட்டு, திறந்த ஜன்னல் ஓரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் வீட்டில் காப்பி ஆற்றுவது போலத்தான். தண்ணீரில் காற்று கலந்தது, பிராணிகள் பிழைத்தன. மறு வருடம் கடற்பாசியையும் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவருடைய வீட்டில் பவளம் வாழ்ந்தது. ஆனால் அதை அவர் அப்போது ஏட்டில் வெளியிடவில்லை.

மறுபக்கம், ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். லண்டன் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேலை. அவர் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் நீர்ச் செடியையும் வைத்தார். செடி பிராண வாயு தந்தது. ஆனால் அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தன. அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்ற இந்த விளக்கத்தை 1850இல் ரசாயனச் சங்கத்தில் வெளியிட்டார். விளக்கம் அறிந்தவர் நிபுணர். ஆனால் அவர் ஆரம்பித்தது கடலில் அல்ல, குளத்தில்.

உடம்பு கெட்டது நன்மைக்கே

காஸ் 1848இல் எமிலி போஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். 1849இல் மகன் எட்மண்ட் பிறந்தான். பேனாதான் பிழைப்பு. இரவு பகல் பாராமல் எழுதியதில் உடம்பு கெட்டது. 1852 ஜனவரியில் ஓய்வுக்காகக் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார்.

ஓய்வுக்குப் போனவர் ஓய்வெடுக்கவில்லை. அலை வற்றும் நேரம் பார்த்து, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பாறைக் குட்டைகளுக்குள் இறங்கிவிடுவார். கடற்பாசி முளைத்த கல்லைப் பாசியோடு சேர்த்துப் பெயர்த்து வந்து, கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீரில் வைத்தார். பிறகு சிறு பிராணிகளை விட்டார். வாரக் கணக்கில் தண்ணீர் மாற்றாமலே தெளிவாக நின்றது. அதே 1852இல் லண்டனில் வாரிங்டனும் கடல் தண்ணீரில் தம் பரிசோதனையைத் தொடங்கியிருந்தார். ஒருவருக்கொருவர் தெரியாமலே இருவரும் ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள்.

1853இல் டெவன் கடற்கரை அனுபவங்களை நூலாக வெளியிட்டார் காஸ். அதே ஆண்டு மே மாதம் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் மாளிகை திறக்கப்பட்டது. கடல் பிராணிகள் பலவற்றைப் பிடித்து அனுப்பியவர்களில் காஸ் முக்கியமானவர். பெரிய சங்கம், பெரிய கட்டடம். ஆனால் உயிரோடு கடல் பிராணியைக் கொண்டு வந்து சேர்க்கும் கைப்பக்குவத்துக்கு ஒரு பழைய குமாஸ்தாவை நாட வேண்டியிருந்தது!

1854இல் கடல் தொட்டி பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களின் மூலச் சித்திரங்களும் அவர் கைவண்ணமே. ஓவியர் மகன் அல்லவா? அதுவரை இந்தத் தொட்டிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். அக்வேரியம் என்ற சுருக்கமான பெயரே போதும் என்று காஸ் எழுதினார். அதுவே நிலைத்துவிட்டது.

சமையல் உப்பில் ஒரு கடல்

கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? கப்பல்காரர்களிடம் சொல்லி, பீப்பாயில் கடல் தண்ணீர் வரவழைக்கலாம். பீப்பாய் முன்பு சாராயமோ, வேறு சரக்கோ சுமந்ததாக இருந்தால் தொட்டி பாழ். காஸ் வேறு வழி யோசித்தார். ரசாயன நிபுணர் ஒருவர் பிரைட்டன் கடல் தண்ணீரைப் பகுத்து, அதில் எந்தெந்த உப்பு எவ்வளவு என்று கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, காஸ் தாமே கடல் தண்ணீர் தயாரித்தார்.

சமையல் உப்பு மூன்றரை அவுன்ஸ், பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். ஏறக்குறைய ஒரு காலன் தண்ணீரில் இவற்றைக் கரைத்து வடிகட்ட வேண்டியது. இவ்வளவுதான் சரக்கு.

கவனிக்க வேண்டியது இதற்கு மேல் அவர் செய்ததைத்தான். தண்ணீர் தயாரானதும் பிராணிகளை விட்டுவிடவில்லை. முதலில் கடற்பாசி ஒட்டிய கற்களைப் போட்டு, நாள் கணக்கில் காத்திருந்தார். பாசி தழைக்கிறதா, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே பிராணிகளை ஒவ்வொன்றாக விட்டார். 1854இல் இந்தச் செய்முறையை விஞ்ஞான ஏட்டில் வெளியிட்டார்.

அதில் சுண்ணாம்புச் சத்தை அவர் சேர்க்கவில்லை. அளவு சொற்பம் என்று விட்டுவிட்டார். வாரிங்டனும் அதே ஆண்டு செயற்கைக் கடல் தண்ணீர் பற்றி எழுதினார். ரசாயனம் அறிந்தவர் என்பதால், சிறிய அளவில் உள்ள உப்புகளையும் விடக்கூடாது என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நிபுணரின் பக்கமே நியாயம் இருந்தது. ஓடும் பவளமும் உடைய பிராணிகளுக்குச் சுண்ணாம்பு இல்லாமல் முடியாது. இன்று கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைகளில் அதுவும் சேர்ந்தே வருகிறது.

இன்னொரு விஷயத்திலும் வாரிங்டன் சரியாகப் பார்த்தார். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டியில் வெளிச்சம் அதிகமாகி, பாசி மிஞ்சி, தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. கடற்கரைப் பாறைக் குட்டையில் வெளிச்சம் மேலிருந்துதானே விழுகிறது? எனவே பின்பக்கம் சரிவாகவும் வெளிச்சம் புகாமலும் இருக்கும் தொட்டியை அவர் அமைத்தார். ரசாயனக் கூடத்து மனிதர் கடற்கரையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது.

இருவருமே அறியாத காரணம்

பாசி ஒட்டிய கல்லைப் போட்டுக் காத்திருந்தால் தொட்டி பிழைக்கிறது. ஏன்? பாசி பிராண வாயு தருகிறது என்பது வாரிங்டனும் காஸும் சொன்ன காரணம். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவர்கள் இருவருக்குமே தெரியாது.

பிராணிகளின் கழிவில் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷமே. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதனால் கெடுதல் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக வாரக் கணக்கில் ஆகும். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்துக் காட்டியது 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில்; அப்போது காஸ் உயிரோடு இல்லை.

காரணம் தெரியாமலே காரியம் சரியாக நடந்திருக்கிறது! கடற்கரையிலிருந்து கல்லை அப்படியே பெயர்த்து வந்ததால் பாக்டீரியாவும் கூடவே வந்தது. பொறுமையாகக் காத்திருந்ததால் அது பெருகியது. இன்றும் கடல் தொட்டி தொடங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் புத்தி, அவசரப்படாதே என்பதுதான். பழக்கத்தில் கண்டதைப் பொழுதுபோக்குக்காரர் சொல்கிறார். அதன் காரணத்தைப் பிற்பாடு நிபுணர் கண்டுபிடிக்கிறார். ஒன்றில்லாமல் மற்றது முழுமை பெறுவதில்லை.

வீட்டுக்குள் வந்த சோதனை

1855இல் சாமானிய மக்களுக்காகக் கடல் தொட்டிக் கையேடு ஒன்றை எழுதினார் காஸ். தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வை. ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் விடாதே, நல்ல தண்ணீரே விடு, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. செத்த பிராணியை உடனே எடுத்துவிடு. இப்படி நடைமுறைக்கு உகந்த புத்திமதிகள். 1856இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத குமாஸ்தாவுக்கு நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் நடுவே நாற்காலி கிடைத்தது.

அதே ஆண்டில்தான் இடி விழுந்தது. மனைவி எமிலிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. லண்டனின் பெயர் பெற்ற அறுவை மருத்துவர், கத்தி வைத்து எடுத்துவிட வேண்டும் என்றார். அப்போது அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வைத்தியர் ஒருவர், கத்தி வேண்டாம், தம் களிம்பினாலேயே குணமாக்கலாம் என்றார். களிம்பின் மருந்துச் சரக்கு என்ன என்பது முதலில் ரகசியம். தம்பதியர் களிம்பு வைத்தியத்தையே தேர்ந்தார்கள். மாதக் கணக்கில் எரிச்சலும் வேதனையும். 1857 பிப்ரவரியில் எமிலி காலமானார். பையன் எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பாரா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மயக்க மருந்து அப்போது வந்துவிட்டது. ஆனால் புண் சீழ் பிடிக்காமல் காக்கும் லிஸ்டரின் முறை வெளியானது 1867இல்தான். அறுவைக்குப் பின் சீழ் பிடித்து இறந்தவர்கள் அந்நாளில் ஏராளம். பயந்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒன்று மனத்தில் நிற்கிறது. சொந்தக் கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் எதையும் நம்பாத மனிதர் காஸ். ஜாடி விஷயத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்து பார்க்கலாம். தவறினால் மறுபடி செய்யலாம். மனைவி விஷயத்தில் அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. அங்கே ஆலோசனை சொல்பவரின் வாக்கை எடை போடுவது ஒன்றே வழி. மூடி வைத்த ரகசியத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

அதே 1857இல் உலகப் படைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பூமியின் பழமையைக் காட்டும் அடையாளங்கள் எல்லாம், படைக்கப்பட்டபோதே அப்படி வைத்துப் படைக்கப்பட்டவை என்பது அதன் வாதம். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை; சமயத்தினரும் ஏற்கவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதிவந்த பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லியே ஒப்பவில்லை. கண்ணால் கண்டதை எழுதியவரை உலகம் கொண்டாடியது. காண முடியாததை நிலைநாட்டப் போனபோது அதே உலகம் கைவிட்டது. ஆயினும் டார்வின் போன்றவர்கள் கடிதம் எழுதி அவரிடம் தகவல் கேட்பதை நிறுத்தவில்லை. அவருடைய முடிவுகளை ஒப்பாதவர்களும் அவருடைய கண்களை நம்பினார்கள்.

காலியான கடற்கரை

மனைவியை இழந்தவர், மகனோடு டார்க்கி நகருக்குப் பக்கத்தில் குடியேறினார். 1858 முதல் 1860 வரை பிரிட்டிஷ் கடல் சாமந்திகள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். பல கடற்கரைகளிலிருந்தும் வைத்தியர்கள், பாதிரியார்கள், குடும்பப் பெண்கள் பிராணிகளையும் குறிப்புகளையும் தபாலில் அனுப்பினார்கள். அந்த உதவியை நூலிலேயே நன்றியோடு குறிப்பிட்டார். 1859இல் ஆன் தைன் அம்மையாரின் பவளக் குறிப்புகள் அச்சேறியபோது, அதற்குத் துணை நின்று குறிப்பு எழுதியவரும் காஸ்தான்.

இதற்குள் இங்கிலாந்தில் கடல் தொட்டி மோகம் தலைக்கேறிவிட்டது. வசதி படைத்த வீட்டு முன்கூடத்தில் தொட்டி இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்ற நிலை. லண்டனில் இதற்கென்றே கடை திறந்தார் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் என்பவர். அவரும் ஏழை, ஜாடியில் பிராணி வளர்த்துப் பார்த்துத் தாமே கற்றவர். பிற்பாடு ஹாம்பர்க் நகரிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய காட்சிசாலைகளை நிர்வகித்தார். இருட்டறையில் பெரிய நீர்த்தேக்கம், அதிலிருந்து தண்ணீர் ஓயாமல் சுற்றிவரும் ஏற்பாடு ஆகியவற்றை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். நேற்றைய பொழுதுபோக்குக்காரர் இன்றைய நிபுணர் ஆனார்.

ஆனால் மோகத்துக்கு விலை உண்டு. கூடை கூடையாகப் பிராணிகளை அள்ளிப்போக ஆட்கள் கடற்கரைக்கு வந்து குவிந்தார்கள். பாறைக் குட்டைகள் காலியாயின. காஸின் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டே, காஸ் நேசித்த கடற்கரையைச் சூறையாடினார்கள். தம் எழுத்தே இதற்கு வழிகாட்டியது என்று தந்தை வருந்தியதை, மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். எப்படி வளர்ப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் இருந்தார். எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல அப்போது ஆள் இல்லை.

நம் நாட்டில் இன்று அதற்குச் சட்டம் இருக்கிறது. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். யார் என்ன ஆலோசனை சொன்னாலும், தொட்டி வைக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கடைசிவரை கண்ணாடி வழியே

1860இல் எலிசா பிரைட்வென் என்ற அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார் காஸ். பிற்காலத்தில் ஆர்க்கிட் செடிகளை வளர்த்தார். நுண்நோக்கியை மட்டும் கைவிடவில்லை. தண்ணீரில் வாழும் ரோட்டிபர் என்ற நுண்ணிய பிராணிகளைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து 1886இல் பெரும் நூலை வெளியிட்டார். அப்போது வயது 76. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி காலமானார்.

நிபுணர் சொல்வதைக் கேட்பதா, பொழுதுபோக்குக்காரர் சொல்வதைக் கேட்பதா என்ற கேள்விக்குக் காஸின் வாழ்க்கை ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. அத்தையின் சொல்லை ஏற்றார். பேராசிரியரின் உதவியை ஏற்றார். ரசாயன நிபுணரின் கணக்கை ஏற்றார். மாஜிஸ்திரேட்டிடம் பாடம் கேட்டார். யார் சொன்னாலும், ஒரு சிறிய ஜாடியில் தாமே செய்து பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்து, காத்திருந்து பார்த்தார். அப்படிச் செய்த இடத்திலெல்லாம் வென்றார். செய்ய முடியாத இடத்தில் தோற்றார்.

கடல் தொட்டி தொடங்க ஆசைப்படும் வீட்டில், தொட்டியும் உப்பும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்தால், அது அந்தக் குமாஸ்தாவுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.